பெரிய வீட்டைக் கொடுத்துட்டு சின்ன ஃபிளாட்டுக்கு... 60 வயசுக்கு மேல் மாறுறவங்க பிளானில் எதைப் பார்க்கணும்?

பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் இருப்பது இரண்டே பேர். மாடி அறைகள் பூட்டியே கிடக்கு. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் கிடைக்கல, மாடிப்படி ஏற முழங்கால் விடல. மயிலாப்பூர், நங்கநல்லூர், கே.கே.நகர் என்று சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் கதையைக் கேட்கலாம். முடிவும் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டை விற்பது, அல்லது பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் போட்டு அதே இடத்தில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிக்கொள்வது.

முடிவில் தப்பு இல்லை. சிக்கல் பிளானில்தான் ஆரம்பிக்குது. 35 வயதில் ஃபிளாட் வாங்குபவர் வசதிப்படாவிட்டால் விற்றுவிட்டு வேறு இடம் பார்க்கலாம். 65 வயதில் மாறுகிறவருக்கு இது பெரும்பாலும் கடைசி வீடு. ஆனால் இரண்டு பேருக்கும் பில்டர் நீட்டுவது ஒரே பிளானைத்தான்.

ஏன் இப்போ இத்தனை வீடுகள் இடிபடுது?

முதல் காரணம் வயது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புப்படி 2031-இல் இது 18.2 சதவீதம் ஆகும். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

இரண்டாவது காரணம் எஃப்எஸ்ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு இது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமில்லாத கட்டடங்களுக்கு இதை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதாவது ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 4,800 சதுர அடி வரை கட்டலாம். பழைய வீடு 1,500 சதுர அடியில் நிற்கும்போது, மீதி இடம் பில்டர் கண்ணுக்குப் பணமாகத் தெரியாதா?

இரண்டு பேருக்கு எவ்வளவு இடம் போதும்?

முதலில் எந்தச் சதுர அடி என்று கேளுங்க. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் படிக்கட்டு, லிஃப்ட், பொதுவழி எல்லாம் சேர்ந்த சூப்பர் பில்ட்அப். ரெரா சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியா வேறு. உள்சுவர்கள் சேரும். வெளிச்சுவர், பால்கனி, குழாய் போகும் ஷாஃப்ட் சேராது. நீங்க உண்மையில் நடமாடப் போகும் இடம் இதுதான்.

650 சதுர அடி கார்பெட் ஏரியா இருந்தால் இரண்டு பேருக்குத் தாராளம். ஹாலும் சாப்பிடும் இடமும் சேர்த்து 210, பெரிய அறை 132, சின்ன அறை 100, சமையலறை 64, ஒரு பாத்ரூம் 48, இன்னொன்று 35. மீதி 61 நடைவழிக்கும் உள்சுவர்களுக்கும் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது 48 சதுர அடி பாத்ரூம். வழக்கமான பிளானில் இரண்டு பாத்ரூமும் 35-க்குள் முடிஞ்சிடும். ஹாலில் கொஞ்சம் கிள்ளி பாத்ரூமுக்குக் கொடுங்க. சோபா சின்னதாகலாம், பாத்ரூம் சின்னதாகக் கூடாது.

பிறகு மாற்ற முடியாதது எது?

பெயின்ட், பீரோ, கிச்சன் ஷெல்ஃப் எல்லாம் பின்னாடி மாற்றிக்கலாம். கான்கிரீட்டும் சுவரும் எழுந்த பிறகு தொட முடியாத விஷயங்கள் சில இருக்கு.

கதவு: நம்ம ஊர் பாத்ரூம் கதவு வழக்கமாக இரண்டரை அடி. நிலைக்கட்டை போக மிஞ்சும் வழி அதைவிடக் குறைவு. வாக்கர் பிடித்து ஒருவர் போகவே சிரமம். மத்திய அரசின் 2021 அணுகல்தன்மை வழிகாட்டுதல் சொல்லும் அளவு, தடையில்லாத 900 மில்லிமீட்டர், அதாவது சுமார் 3 அடி. வீல்சேர் திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டம் வேணும். பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளவே முடியாது.

தரை: பாத்ரூம் வாசலில் இருக்கும் அந்த ஒரு அங்குலப் படிதான் பல பேரைத் தடுக்கி விடுது. தளம் போடும்போதே சொன்னால், படி இல்லாமல் தண்ணீர் வடியும் சரிவை மட்டும் கொடுக்க முடியும். கைப்பிடி மாட்டப் போகும் சுவரும் ஆள் பாரத்தைத் தாங்கும்படி இப்பவே கட்டப்படணும்.

லிஃப்ட்: கீழே முழுக்க கார் பார்க்கிங் என்பதால் முதல் வீடே மாடியில்தான். அதனால் லிஃப்ட்தான் உங்க வாசல்படி. நாலு பேர் நிற்கும் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. வீல்சேராவது நுழையுமா என்று உள் அளவையும் கதவு அளவையும் எழுத்தில் வாங்குங்க.

மழைக்காலம்: 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வராதவர்கள்கூட மாடியில் மாட்டிக்கிட்டாங்க. ஜெனரேட்டரும் மின் பேனலும் பார்க்கிங் தரையிலேயே இருந்தால், முட்டளவு தண்ணீருக்கே லிஃப்டும் மோட்டாரும் நின்றுபோகும். அதை உயரத்தில் வைக்கச் சொல்வது பிளான் கட்டத்தில் ஒரு வரி வேலை.

இரண்டாவது அறை யாருக்கு?

"பிள்ளைங்க வந்தா தங்க ஒரு அறை வேணும்" என்றுதான் எல்லாரும் சொல்றாங்க. அவங்க வருவது வருஷத்துக்கு இரண்டு, மூன்று வாரம். மீதி நாளெல்லாம் அந்த அறை யாருக்கு?

அந்த அறையை நாளைய தேவையை வைத்து யோசிங்க. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் இன்னொருவர் தூங்க இடம் வேணும். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அவர் படுக்க இடம் வேணும். பிளானில் இந்த அறையை ஹாலைப் பார்த்தபடி, பொதுப் பாத்ரூமுக்குப் பக்கத்தில் வைத்தால் நல்லது. சாதாரண நாளில் பூஜை, டிவி, கொலு எல்லாம் இங்கேயே நடக்கும். திவான் ஒன்று போட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் போதும்.

பரணை நம்பி வீட்டைச் சுருக்காதீங்க. ஏணி ஏற முடியாத வயதில் பரணில் இருக்கும் பாத்திரம் இல்லாததற்குச் சமம். மேடைக்குக் கீழே இழுப்பறைகள் கேளுங்க.

அஞ்சு வீட்டுக் கட்டடமா, பெரிய வளாகமா?

பழகிய தெருவிலேயே இருக்கணும் என்றால் பெரும்பாலும் கிடைப்பது நாலைந்து வீட்டுக் கட்டடம். அதே கோயில், அதே டாக்டர், அதே காய்கறிக் கடை. இந்த வயதில் அதன் மதிப்பு பெரிசு. ஆனால் இரண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

ஒன்று, சட்டப் பாதுகாப்பு. ரெரா சட்டப்படி நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டால், பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு மனையே 446 சதுர மீட்டர்தான். பதிவான திட்டத்தில் வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கணும், ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இந்தக் காவலை நம்பி நீங்க உட்கார முடியாது. உங்க ஒப்பந்தம்தான் உங்க காவல்.

இரண்டு, பராமரிப்புச் செலவு. லிஃப்ட், ஜெனரேட்டர், வாட்ச்மேன் செலவை 50 வீடு பகிர்வதும் 5 வீடு பகிர்வதும் ஒன்றா? பென்ஷனில் வாழ்பவர்கள் மாதக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாருங்க.

வரியில் எவ்வளவு போகும்?

பழைய வீட்டை விற்ற லாபத்தில் புது வீடு வாங்கினால் வரிவிலக்கு உண்டு. இரண்டு ஆண்டுக்குள் வாங்கணும், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்டி முடிக்கணும். சின்ன வீட்டுக்கு மாறுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான்: லாபம் பெரிசு, புது வீட்டு விலை சிறிசு என்றால், மிச்ச லாபத்துக்கு வரி கட்டணும். 2024 ஜூலை 23 முதல் அது 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் வரி குறைவாக வந்தால் அதைக் கட்டினால் போதும். 2001-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சென்னையில் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள் (சுமார் 645 சதுர அடி), விலையும் 45 லட்சத்துக்குள் இருந்தால் 1 சதவீதம். நகருக்குள் முதல் நிபந்தனை பொருந்தினாலும் விலை பொருந்துவது கஷ்டம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

* கார்பெட் ஏரியா எவ்வளவு, எந்த மாடி, எந்தத் திசை
* யூடிஎஸ், அதாவது மனையில் உங்க பெயருக்கு மிஞ்சும் பங்கு
* கதவு, லிஃப்ட், பாத்ரூம் அளவுகள் குறித்த பிளான், பில்டர் கையெழுத்தோடு
* ஒப்படைக்கும் தேதி, அதுவரை வாடகை யார் தருவது, தாமதமானால் என்ன
* கட்டிய பிறகு குறை வந்தால் எத்தனை வருஷம் சரிசெய்து தருவார்

பிளான் தாளில் எல்லா வீடும் பெரிசாகத்தான் தெரியும். இப்போ இருக்கிற வீட்டு மொட்டை மாடியிலோ கார் நிற்கும் இடத்திலோ, புது வீட்டை அதே அளவில் சாக்பீஸால் வரைங்க. கட்டில், பீரோ, கதவு எல்லாம் குறிங்க. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும், ராத்திரி விளக்கில்லாமல் போவது மாதிரி நடந்து பாருங்க. எங்கே இடிக்குதோ, அங்கே பிளானை மாற்றச் சொல்லுங்க. கோடாக இருக்கும்வரை அழித்து வரையலாம்.