துக்கத்துக்கு மட்டும்தானா தமிழ்?

தமிழ் இலக்கியப் பேச்சிலிருந்து ஒரே ஒரு சொல்லை ஐந்து வருடத்துக்குத் தடை செய்யும் அதிகாரம் எனக்குக் கிடைத்தால், ‘தப்பித்தல்’ என்ற சொல்லை எடுப்பேன். ஃபேன்டஸி நாவலா? தப்பித்தல். மாங்காவா? அதுவும் தப்பித்தல், கூடவே பொம்மை வேற. வாசித்து முடித்ததும் மனசு லேசாகிறதா? சந்தேகமே இல்லை, சுத்தமான தப்பித்தல். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல், உலகத்துப் புத்தகங்களில் பாதிக்குத் தீர்ப்பு எழுதிவிடலாம். இதைவிடச் சல்லிசான விமர்சனக் கருவி கிடையாது.

இதன் விளைவை எந்த இலக்கியக் கூட்டத்திலும் பார்க்கலாம். இருபத்திரண்டு வயசுப் பையனிடம் யாராவது பெரியவர், “என்ன வாசிக்கிறீங்க தம்பி?” என்று கேட்பார். பையன் தஸ்தயேவ்ஸ்கி என்பான். பொய் இல்லை, வாசித்திருப்பான். ஆனால் கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் கூட்டாளியிடம் ‘ஃப்ரீரென்’ பற்றிப் பேசுவான் பாருங்க, அப்போதுதான் முகத்தில் வெளிச்சம் வரும். கை காற்றில் படம் வரையும். அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் இங்கிலீஷாக இருக்கும். எனக்குக் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. அவனை அப்படிக் குரல் தாழ்த்திப் பேச வைத்தவர்கள் மேல்.

நான் போச்சம்பள்ளிக்காரன். கோடு எழுதிப் பிழைக்கிறேன். கம்பெனி பெங்களூரில், லேப்டாப் பெரும்பாலும் இங்கே. என் சின்ன வயசில் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் தெரியும். இப்போது சிப்காட்டால் தெரியும், ஸ்கூட்டர் தொழிற்சாலையால் தெரியும். ஓசூர் வரைக்கும் ஆலைகள். விடிகாலையிலும் நடுராத்திரியிலும் ஷிப்ட் பஸ்கள் ஓடுகின்றன. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, போன் வெளிச்சத்தில் முகம் தெரிய, எதையோ தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டு போகிற பெண்களை அந்த பஸ்களில் பார்க்கலாம். என் சித்தப்பா மகள் அவர்களில் ஒருத்தி. அவள் படிப்பது மாங்கா.

அவளிடம் போய், “நீ யதார்த்தத்திலிருந்து தப்பிக்கிறாய்” என்று சொல்லிப் பாருங்கள். ஷிப்ட் நேரம், ஹாஸ்டல் வாடகை, வீட்டுக் கடன், வரன் பார்க்கிற மாமா என்று யதார்த்தம் அவளுக்கு அளவுக்கு மேலேயே இருக்கிறது. அதை ஒரு நாவல் வந்துதான் அறிமுகப்படுத்த வேண்டும் என்று நினைப்பது, யதார்த்தத்தை வாரக் கடைசியில் மட்டும் சந்திக்கிறவர்களின் நினைப்பு. 1939-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய டோல்கீன் இதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டார். போர்க்களத்தை விட்டு ஓடுகிற சிப்பாயையும், சிறையை விட்டுத் தப்ப நினைக்கிற கைதியையும் ஒரே ஆள் என்று நினைக்காதீர்கள் என்பது அவர் வாதம். 1916-ல் சோம் போர்க்களத்தின் பதுங்குகுழிகளில் கிடந்தவர் அவர்.

ஆனால் இந்த வாதத்தோடு நின்றுவிட எனக்கு விருப்பமில்லை. நின்றால், ‘தப்பித்தல்தான், ஆனால் நியாயமான தப்பித்தல்’ என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் சொல்வது வேறு. நல்ல ஃபேன்டஸி, நாம் பார்த்துப் பார்த்து மரத்துப்போன நம்ம ஊரையே திரும்பவும் கண்ணில் படும்படி செய்கிறது.

ஃப்ரீரெனையே எடுத்துக்கொள்வோம். கனெஹிதோ யமாதா எழுத, த்சுகாசா அபே வரைய, 2020-ல் தொடங்கிய மாங்கா இது. மற்ற ஃபேன்டஸிகள் முடிகிற இடத்தில் இது தொடங்குகிறது. அரக்க அரசனைக் கொன்றாகிவிட்டது, பத்து வருடப் பயணம் முடிந்துவிட்டது, நால்வர் குழு பிரிகிறது. ஃப்ரீரென் ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்கிற எல்ஃப் இனத்து மந்திரக்காரி. பத்து வருடம் அவளுக்கு ஒரு கண்ணிமைப்பு. ஐம்பது வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். வீரன் ஹிம்மெல் கிழவனாகியிருக்கிறான், சீக்கிரமே செத்தும் போகிறான். அவனை அறிந்துகொள்ளத் தான் முயற்சியே எடுக்கவில்லை என்பது அவன் சவப்பெட்டியின் முன்னால்தான் அவளுக்கு உறைக்கிறது. அதற்குப் பிறகு வருவதுதான் கதை. ஊர் ஊராக ஹிம்மெலுக்குச் சிலை இருக்கிறது. ஒரு கிராமத்தில் அந்தச் சிலை பாசி பிடித்துக் கிடக்கிறது, ஒரு மூலிகைக்காரப் பாட்டிக்கு மட்டும் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கவலை. ஃப்ரீரென் சிலையைக் கழுவுகிறாள். அவன் சொந்த ஊர்ப் பூ ஒன்று, அழிந்துபோனதாக எல்லோரும் நினைக்கிற நீலப் பூ, அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சிலையைச் சுற்றி வளர்க்கிறாள்.

இதைப் படித்தபோது எனக்கு ஜப்பான் ஞாபகம் வரவில்லை, வேடியப்பன் ஞாபகம் வந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் காட்டோரமும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிறைய. மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன், இவர்களுக்கு ஊர் நட்ட கல். பலவற்றில் பேர் தேய்ந்துவிட்டது, கதையும் போய்விட்டது. ஆனால் வேடியப்பன் என்று சொல்லி எண்ணெய் பூசி, பொங்கல் வைத்து, கும்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ 1400 வருடமாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது. ‘மனதுக்கு இதமான கதை’ என்று இன்றைக்கு நக்கலாகச் சொல்கிறோமே, அதைக் கல்லிலேயே வெட்டி வைத்த சமூகம் இது.

என் தங்கச்சி ஃப்ரீரென் வாசித்த பிறகுதான் எங்கள் கொட்டாய்க்குப் பின்னால் இருக்கிற வேடியப்பன் கல்லில் என்ன செதுக்கியிருக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தாள். இருபத்துமூன்று வருடமாகத் தாண்டிப் போன கல். இதற்குப் பேர் தப்பித்தல் என்றால், அகராதியைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்த குற்றச்சாட்டு: இதமான கதை எழுதுவது சுலபம், வாசகனைத் தடவிக்கொடுக்கிற வேலை. இதில் பாதி உண்மை. வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வருகிற குட்டிக்கதைகள் இருக்கின்றன, பணக்காரர் காரை நிறுத்தி ஏழைச் சிறுவனுக்கு இட்லி வாங்கித் தருகிற வகை. அவற்றுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் தமிழில் அதே அளவு சல்லிசான துயரக் கதைகளும் வண்டி வண்டியாக வருகின்றன. கடைசிப் பத்தியில் யாரையாவது சாகடித்தால் ஆழம் வந்துவிடும் என்று நம்புகிற கதைகள். அவற்றை மட்டும் ‘தீவிர’ முயற்சி என்று மரியாதையோடு மதிப்புரை எழுதுகிறோம். தீவிரம் என்பது சோகத்தின் பட்டப்பெயரா?

இதத்தை அளக்க என்னிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது: அந்த இதத்துக்குக் கதைக்குள் யாராவது விலை கொடுத்திருக்கிறார்களா? ஹிரோமு அராகவாவின் ‘சில்வர் ஸ்பூன்’ மாங்காவைப் பாருங்கள். அராகவா ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். 2011-ல் தொடங்கி 15 பாகம் வந்த இந்தக் கதையில், ஹாச்சிகென் என்ற நகரத்துப் பையன் விவசாயப் பள்ளியில் சேருகிறான். சவலையான பன்றிக்குட்டி ஒன்றுக்குப் பேர் வைத்துவிடுகிறான். வைத்த பேர் ‘புடாடோன்’, பன்றிக்கறிச் சோறு என்று அர்த்தம். மறக்கக் கூடாது, அது கறிக்கு வளர்க்கிற பன்றி. குட்டி கொழுக்கிறது. கதாசிரியர் அதை எந்த மாயத்தாலும் காப்பாற்றவில்லை. வெட்டுக்குப் போகிறது. பையன் லீவில் உழைத்துச் சம்பாதித்த காசைக் கொடுத்து அந்தக் கறியை முழுக்கத் தானே வாங்கி, பதப்படுத்தி, எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுகிறான். இன்னொரு பையனின் குடும்பப் பண்ணை கடனில் மூழ்கி, மாடுகள் லாரி ஏறுகின்றன. அவன் பள்ளியை விட்டே போகிறான். இவ்வளவுக்கும் நடுவில் புத்தகம் சிரிக்க வைக்கிறது. போச்சம்பள்ளிச் சந்தையில் குட்டி முதல் வளர்த்த ஆட்டை விற்றுவிட்டு, வெறும் கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை நான் பார்த்து வளர்ந்தவன். அந்தக் கயிற்றின் கனம் இந்த மாங்காவில் இருக்கிறது.

தமிழிலும் இந்த அளவுகோலில் தேறுகிறவை உண்டு. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ 2011-ல் அவர் இணையதளத்தில் வந்தபோது எத்தனை பேரை உருக வைத்தது என்று நமக்குத் தெரியும். அந்த உருக்கத்துக்கு முன்னால் அழுகிய யானைச் சடலமும் நெளிகிற புழுக்களும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் கதை நம்மை அங்கே கொண்டுபோகிறது.

இனி, பெரியவர்கள் ‘மரபு’ என்று சொல்லும்போது எந்த மரபு என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1943-ல் புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதினார். கடவுள் சென்னைக்கு வருகிறார், காபி குடிக்கிறார், பிள்ளை வீட்டுக் குழந்தையோடு விளையாடுகிறார். தமிழ் யதார்த்தவாதத்தின் முதல் பேர் என்று நாம் சொல்கிறவர் எழுதிய இந்தக் கதை, ஃபேன்டஸி, அதுவும் இதமான ஃபேன்டஸி. தரம், தரம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன க.நா.சு., கல்கியை ஒப்புக்கொள்ளாத க.நா.சு., பாடுபட்டு மொழிபெயர்த்தது செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’. சாத்தானோடு ஒப்பந்தம் போடுகிற நாவல் அது. 1909-ல் இலக்கிய நோபல் வாங்கிய முதல் பெண்ணான அதே லாகர்லெவ்தான், குள்ளனாகச் சுருங்கி வாத்து மேல் பறக்கிற நீல்ஸ் என்ற பையனின் கதையையும் எழுதியவர். காம்யுவின் ‘அந்நியன்’ வெளியிட்ட க்ரியாதான் 1981-ல் ‘குட்டி இளவரசன்’ வெளியிட்டது. இரண்டு மொழிபெயர்ப்பிலும் வெ. ஸ்ரீராமின் பேர் இருக்கிறது. முன்னோடிகள் ரெண்டு கையையும் நீட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள்தான் ஒரு இலையை மூடிவிட்டார்கள்.

எழுத்துக்கு வெளியே போனால் இன்னும் வேடிக்கை. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் எல்லோருக்கும் புரிகிற தமிழில் சொன்னார். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்கு 1958-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் இன்றைக்கும் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் பிரமாண்டமாகச் செய்து படுக்க வைப்பார்கள். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். அந்த நேரம் கூட்டத்தில் ஒருத்தரிடம் போய், இது யதார்த்தமா தப்பித்தலா என்று கேட்டுவிட்டு முழுசாகத் திரும்பி வாங்க பார்க்கலாம்.

சரி, இதெல்லாம் ரசனைத் தகராறுதானே, இதில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்கலாம். முழுகுவது மொழி. என் தங்கச்சி அழுகையோடு மெசேஜ் அனுப்பினால் அது தமிழில் வருகிறது. ஒரு மாங்காவின் கடைசி அத்தியாயத்தைக் கொண்டாடி அனுப்பினால் இங்கிலீஷில் வருகிறது. தமிழில் இதையெல்லாம் பேசினால் குழந்தைத்தனமாகத் தெரியும் என்று அவளுக்கு யாரோ சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். ஒரு தலைமுறையே துக்கத்துக்குத் தமிழ், குதூகலத்துக்கு இங்கிலீஷ் என்று வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறது. என் தொழிலில் ஒரு அனுபவம் உண்டு: யாரும் தொடாத கோடு அப்படியே இருக்காது. சுற்றி எல்லாம் மாற மாற, ஒரு நாள் அது ஓடாமல் நின்றுவிடும். மொழியிலும் தொடாத அறை அப்படித்தான் பாழாகும்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. இன்றைக்கும் சிவகாசியிலிருந்து லயன்–முத்து காமிக்ஸ் வந்துகொண்டிருக்கிறது. தாத்தா வயசுக்காரர்கள்கூட மாயாவி பேரைச் சொன்னதும் சின்னப் பையனாகிறார்கள். அந்தக் குதூகலத்துக்குத் தமிழில் பேர் இருந்தது, அதனால் அது தமிழிலேயே தங்கியது. கனவுருப்புனைவுக்கென்றே ‘அரூ’ என்ற இணைய இதழ் வந்தது. ஆக, ஆளும் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. கொஞ்சம் கூச்சம் போக வேண்டும், அவ்வளவுதான்.

நேசிப்பது என்றால் கும்பிடுவது என்று நான் சொல்லவில்லை. ஃப்ரீரெனில் எனக்கே ஒரு முள் குத்துகிறது. அதில் அரக்கர்கள் பிறப்பிலேயே வஞ்சகர்கள். மனிதர்களை ஏமாற்ற மட்டுமே மொழியைப் பயன்படுத்துகிறவர்கள். ஒரு அரக்கக் குழந்தை ‘அம்மா’ என்று கதறுவதுகூட, அந்தச் சொல் கேட்டால் மனிதர்கள் கை தயங்கும் என்பதற்காகத்தான். கதையாகப் பார்த்தால் அபாரமான காட்சி. ஆனால் நம் ஊரில் 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, முழுச் சாதிகளைப் பிறப்பாலேயே கள்ளர்கள் என்று பதிவேட்டில் ஏற்றி, ராத்திரியில் ஆள் கணக்கு எடுத்திருக்கிறது. அந்த வரலாறு உள்ள மண்ணில் உட்கார்ந்து, பிறப்பிலேயே கெட்ட ஒரு இனம் என்ற கற்பனையை எப்படி வாசிப்பது? எங்கள் ஊர் வாசகர் கேட்க வேண்டிய கேள்வி இது, தமிழில் கேட்க வேண்டிய கேள்வி. அந்த விவாதம் நடக்கவே இல்லை. நடத்த வேண்டிய விமர்சகர்கள் ‘தப்பித்தல்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அதனால் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் சொல்கிறேன். பிடித்த புத்தகத்தைப் பற்றி டீக்கடையில் பேசுகிற அதே வேகத்தில் தமிழில் எழுதுங்க. எந்த அத்தியாயம், எந்தக் காட்சி, ஏன் பிடித்தது, எங்கே இடறுகிறது, எல்லாவற்றையும் எழுதுங்க. ‘நல்லா இருக்கு’ என்பதோடு நிறுத்தாதீங்க. பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃப்ரீரென் முதல் பாகம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். படித்துவிட்டு, குப்பை என்று தோன்றினால் தாராளமாகத் திட்டுங்க, நானும் பதில் சொல்கிறேன். அந்தச் சண்டை தமிழில் நடக்கட்டும்.