குளிர்நாடு செல்லும் மகளின் காலணி

நம் பங்குகளிலிருந்து செவிலியராய்ப் பணியாற்ற அயர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளுக்குப் பெண்மக்கள் பலர் புறப்பட்டுச் செல்கின்றனர். ஊறுகாயும் பொடிவகைகளும் செபமாலையும் மறவாமல் பெட்டியில் வைக்கும் நாம், அவர்கள் காலில் அணியப்போவதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. செருப்போடு வளர்ந்தவர்களுக்குக் கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் புதியது. ஆதலின் இத்திங்கள் அதைப்பற்றிச் சில சொல்வோம்.

முதலாவது அளவு. இங்கே 5ஆம் எண் அணிபவளுக்கு ஐரோப்பிய எண் ஏறத்தாழ 38. அமெரிக்க எண் ஏறத்தாழ 7. ஆயினும் எண்ணை மட்டும் நம்பி வாங்கலாகாது. காகிதத்தின்மேல் நின்று இரு பாதங்களையும் வரைந்து, குதிகால் முதல் நீண்ட விரலின் நுனிவரை அளந்துகொள்க. இரண்டும் பெரும்பாலும் சமமாயிரா; பெரிய பாதத்திற்கே வாங்க வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்குமாதலால் அவ்வேளையில் அணிந்து பார்த்தல் நலம். கம்பளிக் காலுறையையும் உடன் கொண்டு செல்க.

அணிந்து நிற்கையில் நீண்ட விரலுக்கு முன் 1 சென்டிமீட்டர் அளவேனும் இடம் இருத்தல் வேண்டும்; விரல்கள் தடையின்றி அசைய வேண்டும். நாடாவின்றி இழுத்து மாட்டும் வகையில், புதிதாயிருக்கும்போது குதிகால் சிறிது மேலெழும். அடிப்பாகம் வளையப் பழகியதும் அது குறையும். ஆனால் புறங்காலை அது தொடக்கத்திலேயே நன்கு அணைத்துப் பிடிக்க வேண்டும். தோல் அகலத்தில் சற்று இளகும், நீளத்தில் வளராது. இறுக்கமான பூட்ஸ் குருதியோட்டத்தைக் குறைத்துக் காலை மேலும் குளிரச் செய்யும். உயர்ந்த குதி உடற்பாரத்தை முன்பாதத்தின்மேல் சுமத்தும். பனி படிந்த தெருவில் வழுவழுப்பான தோலடியைவிட, ஆழ்ந்த வரிகளுள்ள ரப்பர் அடியே உகந்தது.

அடுத்தது பேணுதல். பனியை உருக்க அந்நாட்டுச் சாலைகளில் உப்பைத் தூவுவர். அது தோலில் வெண்கறையாய்ப் படியும். வினிகரும் நீரும் சமமாய்க் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். உலர்ந்தபின் தோலுக்குரிய களிம்பைப் பூச வேண்டும். நனைந்த பூட்ஸினுள் செய்தித்தாளைத் திணித்துக் காற்றில் உலர்த்துக. வெப்பமூட்டியின் அருகில் வைத்தால் தோல் வெடிக்கும். ஒரே சோடியை நாள்தோறும் அணியாமல் ஒருநாள் விட்டு அணிந்தால் உள்ளீரம் காயும். அடி தைக்கப்பட்டதாயின், தேய்ந்தபின் பெரும்பாலும் புதிதாய் மாற்றித் தைத்துக்கொள்ளலாம். விலை சற்றுக் கூடினும் நெடுநாள் உழைக்கும்.

இனி நம் கடமை. கடன்பட்டு மகளை அனுப்பிய இல்லங்கள் பல. அக்கடனை நினைந்து, தன் தேவைகளை ஒறுத்து, முதல் ஊதியத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடும் பெண்கள் நம்மிடையே உள்ளனர். பிணியாளர் படுக்கைகளிடையே நெடுநேரம் நின்று உழைப்பவை அக்கால்களே. அவை புண்பட்டால் குடும்பத்தின் நம்பிக்கையே தள்ளாடும். "முதலில் உன் காலுக்கு நல்லதொரு பூட்ஸ் வாங்கு, கடன் அடுத்த திங்கள் தொடங்கட்டும்" என்று பெற்றோரே சொல்லிவிட வேண்டும். கேட்கக் கூசும் மகளுக்கு அச்சொல் பெரும் ஆறுதல்.

காலணி தைப்போரின் பாதுகாவலர்களான புனித கிறிஸ்பின், கிறிஸ்பினியான் சகோதரர் பகலில் நற்செய்தி அறிவித்து, இரவில் காலணி தைத்தனர் என்பது மரபு. அவர்கள் விழா அக்டோபர் 25. ஐரோப்பாவில் குளிர் ஏறத் தொடங்கும் காலமும் அதுவே. அந்நாளுக்குள் மகளின் காலில் நல்ல பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டறிவோமாக.