ஆடுவோரும் ஆக்குவோரும்

தாயக் கட்டத்துக்குப் பதிப்பாசிரியர் எவரும் இருந்திலர். திண்ணையிலே சுண்ணக்கட்டியாற் கோடு கீறிச் சோழியை உருட்டினோம். விதியில் ஐயம் எழுந்தால் அருகிலிருந்த ஆச்சியைக் கேட்டுத் தெளிந்தோம். அவர் சொன்னதே சூத்திரம். அயல்வீட்டு ஆச்சி வேறொரு சூத்திரம் சொன்னால் அதனால் எவர்க்கும் நட்டமில்லை. ஆயின், ஓர் ஆட்டத்தை அச்சிட்டுப் பெட்டியில் இட்டு விற்குங்கால் ஆச்சி உடன் செல்வதில்லை. விதித்தாள் ஒன்றே ஆடுவோர்க்குத் துணை. அத்தாளை எத்தனை பேர் எழுதுவது, எவர் முடிவு சொல்வது என்னும் வினா, கேட்குமளவிற் சிறிதாயினும் சிறிதன்று.

சென்ற ஆண்டு குடாநாட்டுப் பாடசாலை ஒன்றின் தமிழ் மன்றத்து மாணவர்கள் நிகண்டுச் சொற்களைக் கொண்டு ஒரு பலகையாட்டம் ஆக்கினர். குழுவிலே பதினொருவர். விதித்தாளை மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. 200 பெட்டிகள் வெளிவந்த பின்னரே, வெட்டுண்ட காய் மனைக்குத் திரும்பும் என்று ஓரிடத்தும், நின்ற கட்டத்திலேயே தங்கும் என்று பிறிதோரிடத்தும் அச்சாகியிருந்தமை தெரிந்தது. விசாரித்தபோது, அம்முரணைக் குழுவிற் பலரும் முன்னமே கண்டிருந்தனர். ஒவ்வொருவரும் மற்றவர் திருத்துவார் என்றிருந்துவிட்டனர். எம் குற்றம் அவர்கள் குற்றத்தினும் பெரிது. வல்லெழுத்து மிகவேண்டிய இடமெல்லாம் மிகுத்தோம். ஒருமுறையேனும் ஆடிப் பார்த்திலோம்.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், குழு பெருத்ததே கேட்டிற்குக் காரணம், இனி ஒருவரே செய்து முடிக்கட்டும் என்றார். அம்முடிவு அவசர முடிவு. நாவலர் பெருமான் 1849 இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அவர் பதிப்புக்களின் செம்மை தனியொருவர் கைவண்ணம் போலவே நமக்குத் தோன்றும். ஆனால் 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்த வரலாற்றை நோக்குக. பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, பரிசோதித்தவர் நாவலர். ஆள் இருவர், தொழிலும் இரண்டு. ஆக்கியவன் கண் தன் பிழையைக் காணாது. எழுதியதை விட்டு எழுத எண்ணியதையே அது படிக்கும். ஆதலால் இரண்டாவது கண் வேண்டும்.

பலர் கூடினாற் கெடும் என்பதும் பொருந்தாது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி வேலை 1913 இல் தொடங்கியது. தொகுத்தோரும் துணைசெய்தோரும் பலர். 1926 இல் வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்றார். இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட ஆறு தொகுதிகளும் 1936 இல் நிறைவெய்தின. சொற்களைத் தேடப் பல கைகள் வேண்டியிருந்தன. எச்சொல்லுக்கு எப்பொருள் நிற்பது என்று துணிய ஒருவர் வேண்டியிருந்தது.

மேனாட்டுப் பலகையாட்டங்களிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. ஜேர்மனியிலே செயற்கைப் பற்கள் செய்யும் தொழிலினராய் இருந்த கிளவுஸ் தொய்பர் ஆக்கிய 'கட்டான்' என்னும் ஆட்டம் 1995 இல் வெளிவந்து உலகெங்கும் பரந்தது. அவர் தம் மனைவி மக்களோடு வீட்டிலிருந்து திரும்பத் திரும்ப ஆடி, வேண்டாதவற்றைக் களைந்த பின்னரே அதனைப் பதிப்பகத்தின் கையிற் கொடுத்தார். குறை சொல்லப் பலர், கேட்டுக் களைய ஒருவர். அமெரிக்காவில் டி.எஸ்.ஆர். என்னும் நிறுவனமோ 1973 இல் நண்பர் சிலரோடு தொடங்கிப் பெருநிறுவனமாய் வளர்ந்தது. பின்னர் ஒரே ஆட்டத்துக்குப் பற்பல கற்பனையுலகங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நூல்வரிசை அச்சிட்டுத் தன் வாடிக்கையாளரைத் தானே கூறுபோட்டது. கடன் மிகுந்து 1997 இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆள் பலர் இருந்தும், இது போதும் என்று சொல்வார் இல்லாத நிலை அது.

எம் மாணவர்க்கு வாய்த்த குறையும் இதன் சிறுவடிவமே. பதினொருவர் என்னும் தொகை அவர்களைக் கெடுக்கவில்லை. படம் வரைவதற்கும், சொல் தெரிவதற்கும், அட்டை வெட்டுவதற்கும், காய் செய்வதற்கும் அத்தனை பேரும் வேண்டியவர்களே. விதித்தாளின் அடியிற் கையொப்பமிட ஒருவரை அவர்கள் நியமித்திலர். நாமும் நியமிக்கச் சொல்லவில்லை. மன்றங்களிலே எல்லோரும் சமம் என்று பழகிய பிள்ளைகளுக்கு, ஒருவர் சொல்லை இறுதிச் சொல்லாகக் கொள்வது கூச்சமாய் இருந்திருக்கும். அக்கூச்சம் நல்ல குணத்திற் பிறந்ததே. ஆயினும் பெட்டியை விலைகொடுத்து வாங்கிய சிறுவனுக்கு அதனாற் பயன் யாது? முரண்பட்ட விதியைப் படித்துத் தம்பியோடு சண்டையிட்டு, அவன் அதனைப் பரணிலே போட்டிருப்பான். நிகண்டும் அதனோடு பரணேறியிருக்கும்.

வரும் விடுமுறையில் இரண்டாம் பதிப்பு ஆயத்தமாகிறது. விதி எழுதுவோர் இருவர். முடிவு சொல்பவள் ஒரு மாணவி. அவளைக் குழுவினரே தெரிந்தனர். அச்சுக்குக் கொடுக்குமுன் தாளையும் பலகையையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் முன் வைப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். அவர்கள் ஆடி முடியும் வரையில் நாம் அருகிலிருக்கலாம். வாய் திறத்தல் கூடாது. இந்நிபந்தனையை விதித்தவளும் அம்மாணவியே.