'கொம்பியூட்டர் போயிட்டுது' எண்டு சொல்ல முதல்

பழைய கார் ஒண்டு ஸ்ராட் ஆகாமல் நிண்டால் கராஜில் ஒரு வசனம் வரும்: "தம்பி, கொம்பியூட்டர் போயிட்டுது." அதோட கதை முடிஞ்சுது. எப்பிடித் தெரியும் எண்டு நாங்கள் கேட்கிறதில்லை. அந்தப் பெட்டி எங்க இருக்குது எண்டே எங்களில கனபேருக்குத் தெரியாது. சாத்திரி சொன்ன பலனைப் போலக் கேட்டிட்டு, காசு தேட வெளிக்கிடுறம்.

இந்தப் பணிவு எங்களுக்குக் கட்டாது. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கினாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக்கார் எங்கட வீடுகளுக்கு எட்டாது. தொண்ணூறுகளின் கொரோலாவும் சன்னியும் இன்னும் கன வருசம் ஓடத்தான் வேணும். ஹயர் ஓடிப் பிழைக்கிற வீட்டில் கார் ஒரு கிழமை நிண்டால் அடுப்பும் நிண்டமாதிரி.

பெட்டியைத் தேடுறது பெரிய வித்தை இல்லை. சூடும் தண்ணியும் படாமல் இருக்கப் பெரும்பாலும் காருக்கு உள்ளேதான் வைச்சிருப்பினம். 121 கொரோலாவில் குளோவ் பொக்ஸைக் கழற்றினால் பின்னால இருக்கும். வேறு சிலதில் முன்சீற்றில் இருக்கிறவரின் காலடிப் பக்கம், இல்லாட்டி டாஷ்போட்டின் நடுவில் கீழ. தொட முதல் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிடுங்கோ.

ஆனால் உண்மையில் பெட்டி பழுதாகிறது குறைவு. திறப்பை ஓன் பண்ணினால் செக் எஞ்சின் லைற் பத்தவேணும். பத்தாட்டி, பெட்டிக்குக் கரண்டே போகாமல் இருக்கலாம்: ஃபியூஸ், மெயின் ரிலே, துருப்பிடிச்ச ஏர்த் வயர். ஒரு சென்சர் ஷோட் ஆனாலும் பெட்டி சென்சர்களுக்குக் குடுக்கிற 5 வோல்ற் விழுந்து, எல்லாம் செத்தமாதிரித் தெரியும். இதுகளைப் பார்க்க ஒரு மீற்றர் போதும். தொண்ணூறுகளின் ரொயோட்டாக்களில் இன்னும் வடிவான வழி இருக்குது. பொனற்றுக்குக் கீழ இருக்கிற சின்னப் பெட்டியில் ரீஈ1, ஈ1 எண்ட ரெண்டு துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சால், அந்த லைற் மின்னி மின்னிப் பிழையின்ர இலக்கத்தைத் தானே சொல்லும். ஸ்கானர் தேவையில்லை. இதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் காட்டித் தரேல்லை எண்டு எங்களுக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

உண்மையிலயே பெட்டிதான் எண்டால், உடன மாத்தாமல் முதலில் திறந்து பாருங்கோ. அந்தக்காலப் பெட்டிகளில் கப்பாசிற்றர் ஒழுகிப் போர்ட்டை அரிக்கிறது வழமை. சிலநேரம் மீன் வெடுக்கு மாதிரி ஒரு மணமும் வரும். ஊரில ரேடியோ, ரீவி திருத்துற ஐயாமாருக்கு அது தெரிஞ்ச வேலை. கராஜுக்கும் அவையின்ர கடைக்கும் இடையில ஆரும் நடக்கிறதில்லை, அதுதான் பிரச்சினை.

மாத்தத்தான் வேணுமெண்டால், பஞ்சிகாவத்தைக்குப் போக முதல் பழைய பெட்டியின்ர லேபலைப் படம் எடுங்கோ. ரொயோட்டாவில் 89661 எண்டு தொடங்கிற இலக்கம் முழுக்கப் பொருந்தவேணும். அதே எஞ்சின் எண்டாலும் ஓட்டோ கியருக்கும் மனுவலுக்கும் பெட்டி வேற. இம்மொபிலைசர் இருக்கிற கார் எண்டால், திறப்பையும் பெட்டியையும் பொருத்தித் தரக்கூடிய ஆளை முதலே பிடியுங்கோ. இல்லாட்டிக் கார் ஸ்ராட் ஆகாது. பழைய பெட்டியை எரிச்சது ஒரு ஷோட் ஆன கொயிலோ வால்வோ எண்டால், அதைத் திருத்தாமல் போடுற புதுப் பெட்டியும் எரியும். ரெண்டாந்தரம் போற காசை ஆரும் திருப்பித் தரமாட்டினம்.