கேட்டுவிட்டு எடுங்கள்

கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோகும் நேரம் பார்த்துத்தான் வீடியோக்காரர் விளக்கைத் திருப்புவார். சாப்பிடுகிறவர் கையை இறக்கவும் முடியாமல், மெல்லவும் முடியாமல் அசடு வழிவார். முன்பெல்லாம் அந்தக் கோலம் கேசட்டாகி பீரோவுக்குள் போய்விடும். இப்போது இலை எடுப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது.

படம் எடுக்கத் தயங்குகிறவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வது நம் வழக்கம். ஆனால், அந்தத் தயக்கம் இன்று ரொம்பவே தேவைப்படுகிறது.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் முடங்கிய தொழிலாளர் முகாமில் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். அரசுக்காக எடுத்த படம். சில நிமிட வேலைதான், பெயரைக்கூடக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு போனது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால், அந்தத் தாயின் குடும்பம் அதற்குள் வேறிடம் போய்விட்டிருந்தது. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகமே அறிந்த அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு அதில் ஒரு காசும் வரவில்லை என்றார் அவர்.

போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்ட பாட்டிகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவர்கள் சொன்ன காரணம் தப்பாக இருக்கலாம். வேண்டாம் என்று சொன்னது தப்பில்லையே!

சட்டம் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. வீட்டுத் தேவைக்குத் தனிநபர் கையாளும் தகவலுக்கோ விலக்கு தருகிறது. பெற்றோரே படம் போட்டால் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? பிரான்ஸ் இதை யோசித்திருக்கிறது. அங்கே 2024-இல் வந்த சட்டப்படி, பிள்ளையின் படத்தை வெளியிடுவதில் பெற்றோருக்குள் கருத்து வேறுபாடு வந்தால், மற்றவர் சம்மதமில்லாமல் வெளியிட ஒருவருக்கு நீதிபதி தடை விதிக்கலாம்.

அடம்பிடித்து அழும் குழந்தை, குளியலறைக் குழந்தை, மூக்கில் குழாயோடு கிடக்கும் தாத்தா. இந்தப் படங்களைக் குழுவில் போடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லையென்றால், போடாதீர்கள்.