பழைய செவர்லேவுக்குள் மின்மோட்டார்: ‘ப்ராஜெக்ட் எக்ஸ்’ செய்தது சரியா?

1957 மாடல் செவர்லே கார் அது. மஞ்சள் நிறம், இரண்டு கதவு, பின்னால் மீன் துடுப்பு மாதிரி தூக்கி நிற்கும் இரண்டு இறக்கைகள். பெயர் ‘ப்ராஜெக்ட் எக்ஸ்’. 2021-ல் இந்தக் காரின் வி8 எஞ்சினை எடுத்துவிட்டு, அங்கே மின்மோட்டாரைப் பொருத்தியது ஜெனரல் மோட்டார்ஸ். இந்தக் காருக்குப் போய் மின்மோட்டாரா என்று கேட்பவர்களின் கோபம் புரிகிறது. ஆனால், அது நியாயமான கோபம்தானா?

சரி, ‘ஸ்ட்ரீட் மெஷின்’ என்றால் என்ன? பார்க்கப் பழைய கார், ஓட்டினால் பந்தய வேகம், அதே நேரம் நம்பர் பிளேட்டோடு சாலையில் போகலாம். அவ்வளவுதான். 1965-ல் ‘பாப்புலர் ஹாட் ராடிங்’ பத்திரிகை இந்தச் செவர்லேவை வெறும் 250 டாலருக்கு வாங்கியது. சேர்த்துவைத்து அழகு பார்க்க இல்லை. புதுசா ஒரு கார்புரேட்டரோ கியர்பாக்ஸோ வந்தால் இதில் மாட்டிப் பார்ப்பார்கள். முடிவை வாசகருக்கு எழுதுவார்கள். 1980-ல் ‘தி ஹாலிவுட் நைட்ஸ்’ படத்திலும் வந்து போனது. ஆக, இந்தக் காருக்கு ‘ஒரிஜினல் எஞ்சின்’ என்ற பெருமை எப்போதோ போய்விட்டது. மாறிக்கொண்டே இருப்பதுதான் அதன் பிழைப்பே!

அதனால் மின்மோட்டார் துரோகம் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. புது மோட்டாரின் சக்தி 340 குதிரைசக்தி. 1957-ல் செவர்லே பெருமையோடு விளம்பரம் செய்த உச்ச எஞ்சினே 283 கன அங்குலத்துக்கு 283 குதிரைசக்திதான். அதுவும் அந்தக் காலக் கணக்கு. ஃபேன், சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேசையில் வைத்து அளந்த எண். 1972 வாக்கில்தான் அமெரிக்க நிறுவனங்கள் காரில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் முறைக்கு மாறின. பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பேட்டரி 30 கிலோவாட் மணிதான். டாடா நெக்ஸான் மின்கார் முதலில் வந்தபோது இருந்த அளவு. கனமான பழைய இரும்பு உடம்பை வைத்துக்கொண்டு இதில் நெடுந்தூரம் போக முடியாது. இன்னொன்று, செவர்லேவின் சின்ன வி8, 1955-ல் வந்ததிலிருந்தே ஏழை இளைஞனின் எஞ்சின். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், வீட்டு வாசலில் நாலு ஸ்பானரை வைத்துப் பிரித்து மாட்டலாம். 400 வோல்ட் பேட்டரியில் அப்படிக் கை வைக்க முடியுமா? இழப்பு என்றால் இதுதான். சத்தம் போனதெல்லாம் சின்ன விஷயம்.

இந்த எஞ்சின் சண்டையில் எல்லோரும் மறந்துபோவது பிரேக். 1957 செவர்லேவில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு சுற்று. எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் சேர்ந்து கைவிட்டுவிடும். சீட் பெல்ட்டும் கட்டாயமில்லாத காலம். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆனாலும் பானெட்டைத் திறந்து காட்டினால் பளபளக்கும் எஞ்சினுக்குத்தான் காசு போகிறது. பிரேக்கை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

தெருவில் பந்தயம் விட்டுக் கெட்ட பெயர் வாங்கிய இளைஞர்களை மைதானத்துக்குள் கொண்டுவரத்தான் வாலி பார்க்ஸ் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே ஓட்டும் முன் காரைச் சோதிப்பார்கள். தெருவில் அந்தச் சோதனை இல்லை. எதிரே குழந்தையோடு வருபவருக்கு இந்தக் காருக்குள் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியவும் தெரியாது. கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனையிலிருந்துகூட விலக்கு உண்டு. பழமைக்குத் தரும் சலுகை அது, இருக்கட்டும். ஆனால் எஞ்சின் சக்தியை ஏற்றியவர்களிடம், டிஸ்க் பிரேக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் மாற்றியாயிற்றா என்று பதிவு அலுவலகம் கேட்டே ஆக வேண்டும். வி8 ஆக இருந்தாலும் சரி, மோட்டாராக இருந்தாலும் சரி.