நிற்கும் லாரியின் இன்ஜினை அணைப்போம். காக்க வைப்பதை நிறுத்துங்கள்

திருப்பூர் லாரி உரிமையாளர்களாகிய எங்கள் நிலைப்பாடு இது.

ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம் ரோடு என எங்கும் பனியன் கம்பெனி வாசல்களில் லாரிகள் இன்ஜின் ஓடியபடியே நிற்கின்றன. மாலையில் வரச்சொன்ன வண்டிக்கு, செக்கிங் முடிந்து கடைசி அட்டைப்பெட்டி டேப் ஒட்டி வெளியே வர நள்ளிரவாகிறது. அதுவரை புகை போவது எதிரே இருக்கும் லைன் வீட்டு ஜன்னல்களுக்குள். உள்ளே படுத்திருப்பவர்கள் ஷிப்டு முடித்து வந்த டெய்லர்களும் அவர்கள் குழந்தைகளும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது.

நின்றபடி ஓடும் கனரக லாரி மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் டீசல் குடிக்கும். பிஎஸ்-6 வண்டி என்றால் செலவு அதோடு நிற்காது. அதன் டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும். ஐடிலில் அந்தச் சூடு ஏறாது. கரி அடைத்து வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்.

இன்ஜினை ஓடவிடுவதற்காக ஓட்டுநரைக் குற்றம் சொல்ல மாட்டோம். பேட்டரி வீக்காக இருந்தால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஏர் லீக் இருந்தால் பிரேக்குக்கான காற்று இறங்கிவிடும். இரண்டையும் சரிசெய்து தருவது எங்கள் கடமை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். அதை மனதார வரவேற்கிறோம். ஆனால் பெரும்பாலும் இன்ஜின் ஓடினால்தான் அந்த ஏசியும் ஓடும். ராத்திரி முழுக்கத் தூத்துக்குடி வரை ஓட்ட வேண்டியவருக்குச் சித்திரை வெக்கையில் கண்ணயர வேறு இடமில்லை என்றால், அணைத்துவிட்டு உட்கார் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

3 நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் இன்ஜினை அணைக்க வேண்டும் என்பதை எங்கள் வண்டிகளுக்கு விதியாக ஏற்கிறோம். டர்போ சூடு தணிய அந்த நேரம் போதும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு, ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாமல் இன்ஜின் ஓடுவதைத்தான் தடுக்கிறது. ஆள் இருந்தால் நேர வரம்பு இல்லை. அந்த வரம்பை அரசு கொண்டுவர வேண்டும். சாயக்கழிவு விஷயத்தில் 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லும் வரை இழுத்தடித்து, இந்த ஊர் பட்ட பாடு போதும்.

இன்ஜினை அணைத்த ஓட்டுநர் இளைப்பாற, கம்பெனிகள் ஃபேனும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை ஒதுக்க வேண்டும். சொன்ன நேரத்தைத் தாண்டினால் ஹால்டிங் சார்ஜைத் தகராறின்றித் தர வேண்டும். காசு கொடுக்க வேண்டியிருந்தால்தான் காக்க வைப்பது குறையும் என்பது எங்கள் அனுபவம்.

கம்பெனி மேனேஜர்களே, வண்டிக்கு போன் போடும் முன் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு வார்த்தை கேளுங்கள்.